ஒன்றரைச் சுற்று

நான் சொன்ன ஒரு பொய்யை என் இதயமே ஸ்பீக்கரில் மறுத்துப் பேசிய சம்பவம் என் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக் கொடுப்பார், மேனேஜர் மோப்பம் பிடிப்பார், சட்டைப் பையில் மறந்துபோன சினிமா டிக்கெட் காட்டிக் கொடுக்கும். ஆனால் சொந்த ரத்தமே ஆறு பேர் முன்னால் "இவன் புளுகுகிறான், புளுகுகிறான்" என்று விடாமல் கத்தக் கேட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். (பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.)

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தைந்து வயது. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் வீடு. அப்பா மாநில அரசாங்கத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி, பொம்மசந்திராவில் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நைலான் நாடாவில் என்னவெல்லாம் தைக்கலாமோ அதையெல்லாம் தைத்தார்கள். ஸ்கூல் பை வார், லாரியில் சரக்கு கட்டும் பெல்ட், நாய்க்குக் கழுத்துப் பட்டை. என் பதவி 'டிசைன் இன்ஜினியர்'. கம்பெனியில் ஒரே ஒரு டிசைன் இன்ஜினியர்தான், ஆகையால் தலைமை டிசைன் இன்ஜினியரும் நானே. நாய்ப் பட்டையில் டிசைன் பண்ண என்ன இருக்கிறது என்று அப்பா ஒருநாள் கேட்டார். அதற்கு நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட என் கையில் வந்து விழுந்தது அந்த வேலை. ஓசூர் ரோட்டில் லாரியும் ஸ்கூட்டரும் நாள் தவறாமல் மோதிக்கொண்ட காலம். ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் ஆம்புலன்ஸ்களில் வைக்க டூர்னிக்கெட் வேண்டுமென்று எங்கள் ஓனரிடம் கேட்டிருந்தது. கையோ காலோ கிழிந்து ரத்தம் பீறிடும்போது, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்துகிற பட்டை அது. பட்டையின் நடுவில் ஒரு குச்சி இருக்கும். குச்சியைத் திருகத் திருகப் பட்டை இறுகும். ரத்தம் நின்றதும் குச்சியைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்ட வேண்டியதுதான். டூர்னிக்கெட் என்பது எங்கள் தையல் பிரிவின் வாயில் நுழையவில்லை. அவர்கள் வைத்த பெயர் 'ரத்த பெல்ட்'.

ரத்த பெல்ட்டைத் தைத்தவர் கனகா அக்கா. சந்தாபுராவிலிருந்து வருபவர். நாற்பது வயதிருக்கும். பதினான்கு வருஷமாக அதே கம்பெனியில், முதுகு சாய்க்க வழியில்லாத ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கான்ட்ராக்ட் ஆளாகவே தைத்துக்கொண்டிருந்தார். இந்த பெல்ட் ஆஸ்பத்திரியில் பாஸானால் அதற்கென்று தனிப் பிரிவு, கனகாதான் சூப்பர்வைசர், வேலையும் நிரந்தரம் என்று ஓனர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். "சூப்பர்வைசர்னா சாஞ்சு உக்கார சேர் குடுப்பாங்க இல்ல சார்?" என்று அக்கா என்னிடம் இரண்டு தடவை கேட்டார். குடுப்பார்கள் என்று நானும் இரண்டு தடவை வாக்குக் கொடுத்தேன். (சேர் என்னவோ என் வீட்டுச் சேர் மாதிரி.)

முதலில் நான் வரைந்த பட்டை ஒரு அங்குல அகலம். கிடங்கில் ஸ்கூல் பை வார் மிச்சமிருந்ததைத் தவிர அதற்கு வேறு விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. அக்கா அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆகாது சார். மார்க்கெட்ல அஞ்சு கிலோ தக்காளி வாங்குங்க, ஒல்லி காது வெச்ச பை விரலை அறுக்கும், அகலக் காதுன்னா அறுக்காது. இன்னும் அகலமா வெய்யிங்க" என்றார். வைத்தேன். ரிப்போர்ட்டில் 'விரிவான ஆய்வுக்குப் பின் பட்டையின் அகலம் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். தக்காளியைக் குறிப்பிடவில்லை.

பிறகு சோதனைகள். பட்டையின் பலத்தைப் பார்க்க, பிவிசி குழாயில் ஃபோம் சுற்றி ஒரு பொய்க்கால் செய்து உத்தரத்தில் தொங்கவிட்டு, பெல்ட்டில் மணல் மூட்டைகளைக் கட்டினோம். ஒரு மூட்டை, இரண்டு மூட்டை, மூன்று மூட்டை. கடைசியில் உத்தரத்துக் கொக்கிதான் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. பெல்ட்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கனகா அக்காவின் தையல் அப்படி. இதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னை நீங்கள் திட்ட அது உதவும்.

அடுத்தது மனிதர்கள் மேல் சோதனை. தொடையில் கட்டி, எத்தனை சுற்றில் ரத்தம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். யார் காலில் கட்டுவது என்று ஓனர் கேட்டார். அவர் கன்னடக்காரர், எங்களோடு பேசும்போது பாதி தமிழும் பாதி கன்னடமுமாகக் கலந்து கட்டி அடிப்பார். யாரும் வாய் திறக்காததால் நான் நெஞ்சை நிமிர்த்தி, "டிசைன் பண்ணவன் நான். என் கால்லயே கட்டுங்க சார்" என்றேன். "சபாஷ்! இவனல்லவா இன்ஜினியர்!" என்று ஓனர் முதுகில் தட்டினார். தையல் பிரிவில் பதினோரு பெண்கள் தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷப் பெருமைக்கு நான் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

மதிய சாப்பாட்டு நேரத்தில் கனகா அக்கா என் தொடையில் பெல்ட்டைப் போட்டுக் குச்சியைத் திருகினார். ரத்தம் நின்றுவிட்டதா என்று அறிய, காலின் மேற்புறத்தில் நாடி பார்க்க வேண்டும் என்று முதலுதவிப் புத்தகத்தில் போட்டிருந்தது. குனிந்து நானே விரல் வைத்துத் தேடினேன். நாடி கிடைக்கவில்லை. பெல்ட் கட்டுவதற்கு முன்பே கிடைக்கவில்லை! ஒருநாள் இருப்பதுபோல் இருந்தது, ஒருநாள் அது என் விரலின் துடிப்பாகவே இருந்தது. டாக்டர் யாரையாவது கேட்டிருக்கலாம். தெருக்கோடி கிளினிக்கின் நர்ஸம்மாவைக் கேட்டிருந்தால்கூட ஒரு காபி குடிக்கும் நேரத்தில் கற்றுக் கொடுத்திருப்பார். தலைமை டிசைன் இன்ஜினியர் நர்ஸிடம் போய்க் கேட்பதா?

முதல் சுற்று பரவாயில்லை. அதற்கு மேல் அரைச் சுற்று திருகியபோது, தொடை கிரைண்டருக்குள் போய்விட்டதுபோல் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்து, "நோவுதா சார்?" என்று கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல" என்றேன், கண்ணில் நீர் கோத்துக்கொண்டு. "நாடி நின்னுடுச்சு அக்கா. போதும்."

"அதுக்குள்ளயா?"

"நின்னுடுச்சுன்னா நின்னுடுச்சு. எழுதிக்கிறேன், கழட்டுங்க."

ஒன்றரைச் சுற்று என்று எழுதினேன். கட்டுவதற்கு முன்பே கிடைக்காத நாடி, கட்டிய பிறகும் கிடைக்கவில்லை என்று எழுதுவதில் என்ன பொய் இருக்கிறது? அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இது. பன்னிரண்டு நாள் பன்னிரண்டு சோதனை. ஒவ்வொரு நாளும் ஒன்றரைச் சுற்று வந்ததும் என் நாடி, ஆபீஸ் முடிந்த குமாஸ்தா மாதிரி, டக்கென்று நின்றுபோனது. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர்கோடு. (ஸ்கேல் வைத்துத்தான் இழுத்தேன்.) அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் நான். நானோ ஃபிரேம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உபயோகிக்கும் முறை பற்றிய துண்டுத்தாளையும் நானே எழுதினேன், கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும். 'ஒன்றரைச் சுற்று திருகினால் போதுமானது.' வீட்டில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், பையன் உயிர் காப்பாற்றும் மெஷின் கண்டுபிடித்திருக்கிறான் என்று. ஒரு மாமி என்னிடம் வந்து தன் ரத்தக் கொதிப்புக்கு அதை எங்கே கட்டிக்கொள்வது என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் செய்து காட்டும் நாள் வந்தது. ஓனர் சஃபாரி சூட் போட்டுக்கொண்டு வந்தார். தையலில் ஏதாவது கேட்டால் பதில் சொல்லக் கனகா அக்காவையும் வேனில் அழைத்துக்கொண்டோம். அக்கா தலையில் மல்லிகைப் பூ, உடம்பில் ஊதா நிறப் பட்டுக்கரைச் சேலை. "பாஸாயிடும் இல்ல சார்?" என்று வழியில் ஒரு தடவை கேட்டார். "கண்ணை மூடிக்கிட்டு பாஸாகும்" என்றேன்.

ஒரு சின்ன ஹால். எமர்ஜென்சிப் பிரிவின் தலைமை லேடி டாக்டர், ஐம்பது வயது, குரலை உயர்த்தாமலே பேசுபவர். அவரோடு ஸ்டோர்ஸ் அதிகாரி ஒருவர், காக்கி உடையில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இரண்டு பேர். டாக்டர் என் ரிப்போர்ட்டைப் புரட்டினார். நேர்கோடு வந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றார். "ரொம்ப நேரா இருக்கே" என்றார் இங்கிலீஷில். "தேங்க் யூ மேடம்" என்றேன் நான். (அது பாராட்டு என்று நினைத்த முட்டாளை அப்போதே எழுந்து போகச் சொல்லியிருக்கலாம்.)

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் பேனா மாதிரி ஒரு சமாசாரம். என் பாதத்தில் சில்லென்று ஏதோ ஜெல்லைத் தடவி, பேனாவை வைத்தார்.

பெட்டி பேச ஆரம்பித்தது.

"விஷ்க்… விஷ்க்… விஷ்க்…"

"இது டாப்ளர். உங்க கால்ல ஓடற ரத்தத்தோட சத்தம்" என்றார் டாக்டர். ஓனர் முகமெல்லாம் பல்லாகத் தலையாட்டினார், ஏதோ கச்சேரி கேட்பதுபோல. நான் பன்னிரண்டு நாள் தேடியும் கிடைக்காத நாடி ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்படி ஒரு பெட்டி உலகத்தில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அந்த நிமிஷமே எழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். அடிபட்டவனே தனக்குக் கட்டிக்கொள்ள முடியும் என்று காட்டுவதற்காக, குச்சியை நானே திருகுவது என்று ஏற்பாடு. ஒரு சுற்று. விஷ்க், விஷ்க். இன்னும் அரை. பல்லைக் கடித்துக்கொண்டு கொக்கியில் மாட்டினேன். வாய், பழக்க தோஷத்தில், தானாகப் பேசியது: "ஸ்டாப்டு, மேடம்."

"விஷ்க்" என்றது பெட்டி.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி மட்டும் சொன்னது. விஷ்க். விஷ்க். அவமானத்தில் எனக்குப் படபடப்பு ஏறியதா, அதுவும் கூடவே வேகம் பிடித்தது. விஷ்க்விஷ்க்விஷ்க். கொஞ்சம் அமைதியாக இரு என்று மனசை எவ்வளவு அடக்கினேனோ அவ்வளவு சத்தமாக ஓடியது. காக்கிச் சட்டைக்காரர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "நித்தில்லா குரு" என்றார் மெதுவாக. நிற்கவில்லையாம். அது எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் திருகுங்க" என்றார் டாக்டர்.

கொக்கியிலிருந்து எடுத்து இன்னும் ஒரு அரைச் சுற்று திருகியிருப்பேன். "அய்யோ அம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். கை குச்சியை விட்டுவிட்டது. குச்சி சரசரவென்று திரும்பிச் சுழன்று என் கட்டைவிரலில் ஒரு போடு போட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உயிர் காக்கும் கருவியைக் கண்டுபிடித்தவன்.

டாக்டர் ஒரு கையால் பேனாவை என் பாதத்திலேயே பிடித்தபடி, ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தார்.

"யார் கால்ல டெஸ்ட் பண்ணீங்க?"

"என் கால்ல, மேடம்."

"நாடி யார் பார்த்தது?"

"நான்தான்."

"எழுதினது?"

என் கையெழுத்து மூன்று இடத்தில் இருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஸ்டோர்ஸ் அதிகாரியிடம் சொல்வதுபோல், ஆனால் நான் கேட்கும்படி சொன்னார். காலுக்குள் ரத்தம் போகிற குழாய் ஆழத்தில் இருக்கிறது, திரும்பி வருகிற குழாய் மேலாக இருக்கிறது. அரைகுறையாகக் கட்டினால் திரும்பி வருகிற வழிதான் அடைபடும். உள்ளே போவது போய்க்கொண்டே இருக்கும். அப்போது காயத்தின் வழியாக முன்னைவிட அதிகமாகக் கொட்டும். "ஒன்றரைச் சுற்று போதும்னு அச்சடிச்சிருக்கீங்க. என் ஆள் அதைப் படிச்சுட்டுக் கட்டினா, கட்டாம விட்டதைவிட மோசமாப் போகலாம்" என்றார்.

அதுவரை இந்தத் துண்டுத்தாளை ரோட்டில் ரத்தம் கொட்டக் கிடக்கும் ஒரு ஆளோடு சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. என் தொடை வலியையும் ஓனரின் சபாஷையும் மட்டுமே நினைத்திருந்தேன்.

நான் நல்லவனாக இருந்திருந்தால் அப்போதாவது தலையைக் குனிந்திருப்பேன். ஆனால் ஓனர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்:

"தையல்ல ஏதாவது லூஸ் இருக்கலாம், மேடம்."

மூன்று மணல் மூட்டைகளைத் தாங்கிய தையல். உத்தரத்துக் கொக்கியே விழுந்தும் ஒரு நூல்கூடப் பிரியாத தையல். அதைத் தைத்தவர் எனக்கு நான்கு அடி தள்ளி, தலையில் பூவோடு நின்றுகொண்டிருந்தார். ஓனர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். நாற்காலி, பிரிவு, நிரந்தர வேலை எல்லாம் அந்த ஒரு பார்வையில் கரைந்து போய்க்கொண்டிருந்தன. நான் தரையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் முதலிடம் இன்றைக்கும் அதற்குத்தான். பெட்டி வேறு இன்னும் அணைக்கப்படாமல், விஷ்க் விஷ்க் என்று அதற்கும் சேர்த்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

கனகா அக்கா என்னைத் தாண்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனார். கன்னடத்தில்தான் ஆரம்பித்தார், இரண்டு வார்த்தை தாண்டியதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"மேடம், தையல் என்னுது. எங்கால்ல கட்டிப் பாருங்க. ஒரு நூலு பிரிஞ்சாலும் நான் இப்பிடியே வூட்டுக்குப் போயிடறேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சேலை கட்டியிருக்கீங்களே."

"மேலயே கட்டுங்க மேடம். ரோட்ல அடிபடற பொம்பளைங்க இன்னா, பேன்ட்டு போட்டுக்கினா வுழறாங்க?"

டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். ஆம்புலன்ஸ் ஊழியரும் தலையாட்டினார், பாதிப் பேர் சேலையும் லுங்கியும்தான் என்று. பன்னிரண்டு சோதனையில் எனக்குத் தோன்றாத ஒரு விஷயம் அது. நான் எப்போதும் பேன்ட்டிலேயே இருந்தேன்.

அக்கா உட்கார்ந்தார். சேலையை இழுத்து மடிப்பில்லாமல் நீவிவிட்டு, மேலே பெல்ட்டைப் போட்டார்கள். மெட்டி போட்ட பாதத்தில் பேனா. விஷ்க்… விஷ்க்… நிதானமான சத்தம்.

"நீங்க திருகுங்க" என்றார் டாக்டர் என்னிடம்.

திருகினேன். ஒரு சுற்று. ஒன்றரை. விஷ்க் நிற்கவில்லை. இரண்டு. இரண்டரை. என் மனசில் அப்போது ஓடியது ஒன்றே ஒன்றுதான்: நில்லு, சனியனே, நின்னு தொலை, என் மானம் போகுது. மூன்று. சத்தம் மெலிந்தது. இன்னும் அரைச் சுற்று, முழு பலத்தோடு. நின்றுவிட்டது.

டாக்டர் பேனாவை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. பெல்ட்டில் நூல் பிரியவில்லை, கொக்கி அசையவில்லை. "நோவாக்தா இதெயா?" என்று அக்காவிடம் கேட்டார், வலிக்கிறதா என்று.

"இல்ல மேடம்" என்றார் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

தளர்த்தியதும் சத்தம் திரும்பி வந்தது. "பட்டை நன்னா இருக்கு" என்றார் டாக்டர் ஓனரிடம். துண்டுத்தாளைக் கிழித்துப் போடச் சொன்னார். சுற்றுக் கணக்கே எழுதக் கூடாது, ரத்தம் நிற்கும்வரை திருகவும் என்றுதான் எழுத வேண்டும். ஒல்லி, குண்டு, ஆண், பெண், சேலை, லுங்கி என்று வேறு வேறு ஆட்களைக் கூட்டி வந்து தன் முன்னால், தன் பெட்டியை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். "இவரோட கால் வேண்டாம்" என்று என்னைக் காட்டி ஒரு வரி சேர்த்தார். ஸ்டோர்ஸ் அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அரசாங்கக் கோப்பு முப்பது வருஷம் பார்த்த அப்பாவின் மகன் ஒருவழியாகக் கோப்பில் ஏறினான்.

திரும்பும்போது வேனில் முன்சீட்டில் ஓனர். பின்னால் நானும் அக்காவும். நான் ஜன்னல் வழியாக சில்க்போர்டு சிக்னல் நெரிசலைப் பார்ப்பதுபோல் நடித்தேன். அக்கா தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் வலது கையில் இரண்டு கண்ணாடி வளையல் குறைவு. நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் நொறுங்கியிருக்கிறது. மணிக்கட்டில் கீறல்.

"மன்னிச்சுடுங்க அக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் சேலையில் ஒட்டியிருந்த வளையல் துண்டைத் தட்டிவிட்டார். பிறகு, "பதினாலு வருசத்துல நான் தெச்ச ஒரு பெல்ட்டு ரிட்டன் வந்ததில்ல சார்" என்றார். அப்புறம், "நோவுதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உக்காந்திருப்பேனே. அதுக்கு ஏன் சார் பொய்யி?"



மறு சோதனைகள் நல்லபடியாக முடிந்தன. தனிப் பிரிவு வந்தது. ஓனர் வாக்குத் தவறவில்லை, கனகா அக்கா சூப்பர்வைசர் ஆனார், சாய்ந்து உட்காரும் நாற்காலியும் வந்தது. என்னை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் நான் நடந்து போனால் தையல் பிரிவில் யாராவது ஒரு பெண் வாய்க்குள் "விஷ்க்" என்பாள். பதினோரு மெஷினும் நின்று சிரிப்பு கிளம்பும். ஒரு வருஷத்துக்குள் சாஃப்ட்வேருக்கு ஓடிவிட்டேன். பெங்களூரில் அப்போது எல்லோரும் சம்பளத்துக்காக ஓடினார்கள். நான் ஒருவன்தான் ஒரு சத்தத்துக்குப் பயந்து ஓடினேன்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. மனைவியிடம் இந்தக் கதையைச் சொல்லத்தான் சொன்னேன். நான் சொன்ன கதையில், உயிர் காக்கும் ஒரு கருவியைத் தன் காலிலேயே கட்டிப் பன்னிரண்டு நாள் வேதனை தாங்கிய ஒரு இளம் இன்ஜினியர் வருவான். பொய் ஒன்றும் இல்லை, கொஞ்சம் சுருக்கியிருந்தேன். அம்மாவும் தன் பங்குக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பத்து வருஷம் அந்த மரியாதையில் குடும்பம் நடத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாய் ஒழுகியது. நானே ஸ்பானரை எடுத்து இறுக்கினேன். மறுபடி ஒழுகியது. மனைவி பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தவர் சந்தாபுராக்காரர். ஸிங்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "யாரும்மா இத டைட் பண்ணது? சும்மா பாஸ்கர் டைட்டு வெச்சிருக்காங்க."

என் பெயர் பாஸ்கர்.

மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "அது என்னங்க பாஸ்கர் டைட்டு?" என்று பிளம்பரிடம் கேட்டாள்.

"எங்க சைடுல அப்பிடித்தாம்மா சொல்றது. அரகொறயா இறுக்கிட்டு ஆயிப்போச்சுன்னு வுட்டா, பாஸ்கர் டைட்டு. என் வீட்ல பொம்மசந்திராவுல தெய்க்கிற வேலைக்குப் போறா. அங்க சூப்பர்வைசரம்மா ஒருத்தங்க, புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுப்பாங்களாம், பாஸ்கர் டைட்டு வெச்சா மெமோ தான்னு."

நான் மெதுவாக ஹால் பக்கம் நகர்ந்தேன். மனைவி விடவில்லை. "யாராம் அந்த பாஸ்கர்?"

ஸ்பானரின் ஒரு முழுச் சுற்று கேட்டது. குழாய் ஒழுகுவது நின்றது.

"யாரோ அந்தக் காலத்து இன்ஜினியராம்மா. என் வீட்லயும் அந்தம்மாகிட்ட கேட்டிருக்கா, எப்பிடிப்பட்ட ஆளுன்னு. அந்தம்மா ஒண்ணும் கொறயா சொல்லலியாம். நல்ல மனுசந்தான், தன் நோவுன்னா ஒன்றரச் சுத்துகூட தாங்க மாட்டாரு, அடுத்தவங்க நோவுன்னா மூணரச் சுத்து தாங்குவாருன்னாங்களாம்."